தரைத்தொட்டியில் நாலு பாட்டில்

என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அருப்புக்கோட்டையில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டார், குழாய், வால்வு விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள். சொன்னதும் முகத்தைச் சுளிப்பார்கள். நல்லது என்று நான் எடுத்து வைக்கும் குழாயை ஒதுக்கிவிட்டு, கேவலம் என்று நான் சொல்லும் குழாயைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அது வெடித்ததும் என்னிடமே வந்து சண்டை பிடிப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்பது, அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு எனக்குத் தெரியவந்தது. முன்னறைக்கு என்ன நிறம் என்பதை, அடித்து முடித்த சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு மனிதனை வாயைத் திறக்கவே விடாமல் வைத்திருந்தால் வராமல் என்ன செய்யும்?

அதனால்தான் என் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தம்ளரை என் கையில் கொடுத்து, "குடிச்சுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க அத்தான்" என்று கேட்டபோது நான் அப்படியே உருகிப் போனேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பாளையம்பட்டியில் இருக்கிறான். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆனால் வேலையை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கிறான். மாசம் ஒருமுறை பெங்களூருக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவான். அங்கே அவனுடன் வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, நாலைந்து வகை பீரைச் சின்னச் சின்னத் தம்ளரில் ஊற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, மார்க் போடுவார்களாம். யாரும் போதைக்காகக் குடிப்பதில்லையாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை நான் பீர் குடித்ததெல்லாம் கல்யாணத்துக்குப் போன ஊரில், லாட்ஜ் அறையில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதுதான். எல்லாம் ஒரே கழுநீர்தான் என்று நினைத்திருந்தேன்.

அவன் அன்று ஊற்றிய இரண்டும் ஒன்றாக இல்லை. ஒன்றில் கசப்பு முதலில் வந்தது, மற்றதில் கடைசியில் வந்தது. அதைச் சொன்னேன். அவன் "அடடா" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டான். நான் சொன்னதை ஒருவன் எழுதிக்கொண்டான். அப்புறம் நான் எப்படி விடுவேன்?

மனைவியிடம் அனுமதி வாங்குவது சுலபமாக இல்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, ரோட்டோரத்தில் நின்று குடித்து நாலு பேர் பார்ப்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஒழியட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலையில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, மாடியில் தகரம் போட்ட அறையில், என்று ஒத்துக்கொண்டாள். தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் பாட்டில் போகக்கூடாது. எங்கள் ஃப்ரிட்ஜ் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் அவர் வீட்டு மாவுச் சட்டியையும் எங்கள் ஃப்ரிட்ஜில்தான் வைப்பார். நினைத்த நேரத்தில் வந்து திறப்பார். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மல்லாங்கிணறு பஸ் அங்கே போய்ச் சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிடும்.

மோட்டார் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி ஒன்று, தடித்த அட்டையுடன், சும்மா கிடந்தது. அதை மார்க் நோட்டு ஆக்கினோம். மணம், நுரை, கசப்பு, விழுங்கிய பிறகு நிற்கும் ருசி என்று கோடு போட்டு, மொத்தம் பத்துக்கு மார்க். சனிக்கிழமை மச்சினன் மதுரைக்குப் போய், துண்டில் சுற்றி, மூன்று நான்கு வகை வாங்கி வருவான். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் அந்த நோட்டில் மட்டும் திருமணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுவதுபோல நிறுத்தி எழுதினேன்.

"சிவப்பு மூடி: முதல் வாய்க்கு ஊறவைத்த கம்பின் மணம். நடுவில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. விழுங்கிய பிறகு நாக்கு நுனியில் லேசான இனிப்பு, ஒரு நிமிஷம் நிற்கிறது. நுரை பொய் நுரை, உட்காரும் முன்பே போய்விட்டது. ஆறரை."

"பச்சைப் பாட்டில்: வெயிலில் கிடந்த செருப்பு. இரண்டு. பாட்டில் அழகாக இருப்பதால் இன்னொன்று சேர்த்து மூன்று."

எங்களுக்குள் சண்டைகளும் உண்டு. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும், காரச்சேவு தின்றால் நாக்கு செத்துவிடும் என்பது பெங்களூர்ச் சட்டம். காரச்சேவு இல்லாமல் இந்த ஊரில் தண்ணீர்கூட இறங்காது என்பது என் கட்சி. கடைசியில், மார்க் போடும்வரை சேவுப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை என்று உடன்பாடு ஆனது. அரை மார்க்குக்காக இருவரும் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறோம். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பல வருஷம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கடையில் யாராவது வந்து முகத்தைச் சுளித்தால்கூட, போ, உனக்கென்ன தெரியும் என் நாக்கைப் பற்றி என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

பங்குனி பிறந்ததும்தான் சிக்கல் வந்தது. எங்கள் ஊர் வெயில் தெரிந்தவர்களுக்குத் தகரம் போட்ட அறையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பாட்டிலைத் தொட்டால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் இருந்தது. ஐஸ் போடலாம் என்றேன். பீரில் ஐஸ் போடுவது மகாபாவம் என்று மச்சினன் காதைப் பொத்திக்கொண்டான். அந்த வாரம் எல்லா வகைக்கும் இரண்டுக்கு மேல் மார்க் போட முடியவில்லை.

அப்போதுதான் என் தொழில் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது? வாசலுக்கு அடியில் இருக்கும் தரைத்தொட்டி. மூவாயிரம் லிட்டர். எங்கள் தெருவுக்குப் பத்துப் பதினோரு நாளைக்கு ஒருமுறை குழாயில் நல்ல தண்ணீர் வரும். வந்ததும் அந்தத் தொட்டியில் பிடித்து, இரும்பு மூடி போட்டு, அடுத்த தடவை வரும்வரை வைத்துக் குடிப்போம். இந்தப் பக்கத்தில் அந்தத் தொட்டியைத்தான் வீட்டு லாக்கர் என்று சொல்ல வேண்டும். அதற்குள் பாட்டிலை இறக்குவது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாட்டிலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். வெங்காயம் வருகிற வலைப்பையில் போட்டு, நைலான் கயிறு கட்டி இறக்கினேன். அரை மணியில் எடுத்தால் ஜில்லென்று இருந்தது. மச்சினன் என்னை விஞ்ஞானி என்றான்.

முதல் வாரம் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் ஊறிக் கழன்றுவிட்டது. எது எந்த வகை என்று தெரியாமல் மார்க் போட முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சீட்டை நாங்களே உரித்துவிட்டு, கழுத்தில் நூல் கட்டினோம். எங்கள் ஊரில் நெசவு நூலுக்கா பஞ்சம்? சிவப்பு நூல், பச்சை நூல், மஞ்சள் நூல், நீல நூல். இரண்டு ஞாயிறு பிசகில்லாமல் ஓடியது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. பத்து மணிக்குள் தொட்டி நிரம்பித் தளும்பியது. பத்தேகாலுக்கு, மனைவி பின்கட்டில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, நாலு பாட்டிலை இறக்கினேன். தொட்டிக்குள் கயிற்றைக் கட்டக் கொக்கி கிடையாது. வழக்கம்போல மோட்டாரிலிருந்து தொட்டிக்குள் இறங்குகிற குழாயிலேயே கட்டினேன். இருபத்தெட்டு வருஷம் மோட்டார் விற்கிறவன் நான். மோட்டார் போட்டால் அந்தக் குழாய் எப்படி உதறும் என்று வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்கிறவன். மற்ற ஞாயிறுகளில் மனைவி மோட்டாரை விடியற்காலையிலேயே போட்டு நிறுத்திவிடுவாள். அன்று தண்ணீரே தாமதமாக வந்ததால், துணி காயப்போட்ட கையோடு வந்து சுவிட்சைத் தட்டினாள்.

நான் மாடியில் மச்சினனோடு தம்ளர் துடைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டது. அதற்குள்ளே கிணுகிணுவென்று இன்னொரு சத்தமும் கேட்டது. கோவில் மணி என்று நினைத்தேன்.

மோட்டார் ஓடும்போது தண்ணீர் நேராகச் சமையலறைக் குழாய்க்கும் வரும்படி நான்தான் இணைப்புக் கொடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. மனைவி சொம்பில் பிடித்து ஒரு வாய் குடித்திருக்கிறாள். அப்படியே பாத்திரம் கழுவுகிற இடத்தில் துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தண்ணீரில் என்னமோ கலந்திருக்கிறது என்றாள். நான் ஒரு தம்ளர் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மருந்து அதிகமாகப் போட்டிருப்பார்கள் என்று சொன்னேன். அவள் விடுவிடுவென்று பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே வந்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அது நன்றாக இருக்கிறதாம். இது நம் தொட்டியில்தான் என்று சொல்லிவிட்டாள்.

அவள் பிறந்தது எம்.ரெட்டியபட்டிப் பக்கம். சுற்றிலும் உள்ள கிணறுகளில் எது குடிக்க ஆகும், எது துணிக்கு ஆகும், எதில் பருப்பு வேகும், எதில் வேகாது என்று ஒரு வாய் குடித்தே சொல்லிவிடுவாள். மூவாயிரம் லிட்டரில் இரண்டு பாட்டில் பீர் உடைந்து கலந்ததை அவள் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. வாரா வாரம் மாடியில் உட்கார்ந்து ருசி பார்த்த என் நாக்கு தம்ளரைக் காலி செய்துவிட்டுச் சும்மா இருந்தது.

அவளே மூடியைத் தூக்கினாள். கயிற்றை இழுத்தாள். வலைப்பையில் மஞ்சள் நூலும் நீல நூலும் முழுசாக வந்தன. சிவப்பு நூலும் பச்சை நூலும் கழுத்தோடு மட்டும் வந்தன. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடி விழுந்த தண்ணீரைக் குடிக்க முடியாது, தொட்டியைக் காலி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பிடித்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத நல்ல தண்ணீரை எங்கள் ஊரில் தெருவில் கொட்டினால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தேன். தொட்டியைக் காலி செய்கிற குழாய் சாக்கடையைத் தொட்டதும் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் இடுப்பில் குடத்தோடு ஓடி வந்தார். நல்ல தண்ணீரையா கொட்டுகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, வீட்டில் சாவு விழுந்ததை விசாரிக்கிற குரல் இருந்தது. என் மனைவி பொய் சொல்கிறவள் இல்லை.

"பல்லி விழுந்துருச்சுக்கா" என்றாள்.

"ஒரு பல்லிக்கா இம்புட்டுத் தண்ணியையும் தொறந்து விடுறீக?"

"ரெண்டு விழுந்துருச்சு."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. செடிக்கு ஊற்றிக்கொள்கிறோம், பாத்திரம் கழுவிக்கொள்கிறோம் என்று ஆளுக்கு நாலு குடம் பிடித்துப் போனார்கள். என் மனைவி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். எனக்காக அவள் தெருவுக்குப் பொய் சொல்லும்படி ஆனதே என்று அப்போதுதான் உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

தண்ணீர் வற்றியதும் கண்ணாடித் துண்டு பொறுக்க நான் தொட்டிக்குள் இறங்கினேன். மச்சினன் மாடியிலேயே ஒளிந்துகொண்டான். அவனை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவைக்கப் போனவள், திரும்பி வரும்போது கையில் நோட்டோடு வந்தாள். நான் தொட்டிக்குள் நிற்கிறேன். என் தலை தொட்டியின் வாயளவில் இருக்கிறது. அவள் மேலே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, தெருவுக்குக் கேட்காத மெல்லிய குரலில், என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். ஊறவைத்த கம்பு வந்தது. வேப்பம்பூ ரசம் வந்தது. வெயிலில் கிடந்த செருப்பு வந்தது. அதற்குச் சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. சிரிக்கவில்லை.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து மொத மொதல்ல நான் வச்ச கொழம்பு எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்றேன். தொட்டிக்குள் நிற்கிறவன் வேறு என்ன சொல்வான்.

"இதுல எழுதிருக்கீகள்ல, அதே மாதிரி எழுதிக் காட்டுங்க. சரியா எழுதுனா அவன் வரட்டும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் இனிமே மாடி கெடையாது."

இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய குழம்பு. முந்தாநாள் குழம்பைக் கேட்டிருந்தாலே திண்டாடியிருப்பேன். பங்குனிக்கு முன்னால் குடித்த சிவப்பு மூடி மட்டும் நாக்கிலேயே நிற்கிறது.

அடுத்த தண்ணீர் வரும்வரை கேன் தண்ணீர் சுமப்பது என் வேலை ஆனது. கடை திறக்கும் முன் ஒரு கேன், மத்தியானம் ஒரு கேன். சுமக்கும்போதெல்லாம் குழம்பையே யோசித்தேன். முதலில் ஒரு குருட்டு நம்பிக்கையில் "கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. எண்ணெய் மேலே மிதந்தது. ஒன்பது" என்று எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து கருவாட்டுக் குழம்பு, ஒன்பதரை. வெள்ளிக்கிழமை அதுவுமாகப் புதுப்பெண் கருவாடு சமைப்பாளா என்று கேட்டாள். அது வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மல்லாங்கிணற்றில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரம் அவள் எங்கள் வீட்டில் இருந்தவள். என்ன குழம்பு என்று அவளுக்கும் நினைவில்லை. "என்னத்தையோ பாத்து விழுந்து விழுந்து சிரிச்சோம் தம்பி. அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்றாள். சிரிக்கிற குழம்பு எது என்று யோசித்ததில் ஒரு கேனைத் தவறவிட்டுக் கால் பெருவிரலில் போட்டுக்கொண்டேன். மச்சினன் வேறு போன் செய்தான். கறுப்பு நிறத்தில் ஒரு வகை வந்திருக்கிறதாம், காப்பி மணம் அடிக்கிறதாம். ரொம்ப நாள் ஆகுமென்றால் பாளையம்பட்டியிலேயே வேறு ஒருத்தரை வைத்து மார்க் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். என் நோட்டில் இன்னொருவன் மார்க் போடுவதா?

ஒன்பதாவது நாள் கேன் தண்ணீர் வரவில்லை. அவர்கள் பக்கம் மின்சாரம் இல்லாததால் சுத்திகரிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வீட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சமைத்தாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். பருப்புக் குழம்பு. முதல் கவளம் வாயில் வைத்ததும் பருப்பு தனித்தனியாகப் பல்லில் நெருடியது. அடியில் ஒரு கரிப்பு. உப்புத் தண்ணீரில் பருப்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கரையாது.

அந்த வெள்ளிக்கிழமை முழுசாக ஞாபகம் வந்தது. பதினைந்து நாளாகக் குழாயில் தண்ணீர் வராத சமயம் அது. புதுப்பெண் உப்புத் தண்ணீரில் பருப்புக் குழம்பு வைத்தாள். அப்பா இரண்டு கவளத்தோடு இலையை மடித்தார். அக்கா ஒரு பருப்பைக் கிள்ளி எடுத்து, இதை விதைத்தால் முளைக்கும் என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கரண்டியோடு சுவரோரம் நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இடது கையாலேயே நோட்டை எடுத்து எழுதினேன். "பருப்புக் குழம்பு. உப்புத் தண்ணீர். பருப்பு வேகவில்லை, பல்லில் நெருடியது. அடியில் கரிப்பு. புளி, காரம் சரி. மூன்று." மூன்று என்று போட்டதும் பயமாக இருந்தது. நாலு ஆக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் இந்த நோட்டில் நான் பயந்து மார்க் போட்டதில்லை. அப்படியே நீட்டினேன்.

இரண்டு முறை படித்தாள். மூன்று மார்க்குக்குக் கோபப்படவில்லை.

"இதுதான்" என்றாள். "அன்னைக்கி ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. நீங்க மட்டும் ஒரு வார்த்த சொல்லாம ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீக. எம் மனசு நோகக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்கலன்னு நெனச்சேன். எம்புட்டு நல்ல மனுசன்னு நெனச்சேன்."

அதற்காகத்தான் என்று வேகமாகச் சொன்னேன். அது உண்மையும்கூட.

"சரி. பெறகு நல்லா வெந்த நாள்லயும் தொறக்கலயே."

குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. இருபத்தாறு வருஷமாக என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை என்று ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரிந்தவன், சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். தினம் மூன்று வேளை ஒருத்தி தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே நின்றிருக்கிறாள். அதுவும் ஒரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் குழாயில் தண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சினனும் வந்தான். கறுப்பு வகைப் பாட்டிலைத் துண்டோடு வாங்கி, அவளே ஃப்ரிட்ஜில் எங்கள் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டால் தைலம் என்று சொல்லிக்கொள்வாளாம். பல்லிக்கு அப்புறம் அவளுக்கும் கொஞ்சம் பழகிவிட்டது. மச்சினன் மாடிக்குப் போய் நோட்டைத் திறந்து, எங்கே எழுதுவது அத்தான் என்று கேட்டான். முன்பக்கத்தில் அன்று காலையில் தின்ற இட்லிக்கும் சட்னிக்கும் அரைப் பக்கம் எழுதி ஏழேமுக்கால் போட்டிருந்தேன். கடலை கொஞ்சம் கருகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். வாதாடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டாள். பீருக்கு இனிமேல் நோட்டின் பின்பக்கம்தான் என்று அவனிடம் சொன்னேன்.